கருவிக்கு ஏற்ற வீடு

செப்டம்பர் 6

அன்புள்ள அத்தானுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டேன். நீங்கள் நலமா? அக்காவின் முழங்கால் வலி குறைந்ததா? நான் கிளம்பிய அன்று அவள் என்னைக் கட்டிப்பிடித்த பிடியில் என் தோள்தான் இன்னும் வலிக்கிறது.

வட துருவத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த ஆராய்ச்சி நிலையத்தில் மொத்தம் பதினோரு பேர். நீளமாக ஒரு தகரக் கூடம், அதில் வரிசையாக அறைகள். என் அறைக்குள் நான் திரும்ப வேண்டுமென்றால் நாற்காலியை வெளியே வைக்க வேண்டும். போன் கிடையாது. இருக்கிற ஒரு மெல்லிய இணைப்பு வானிலை அறிக்கைக்கும் அவசரத்துக்கும் மட்டும். யாராவது சாகக் கிடந்தால்தான் எங்கள் தலைவர் அதை அவசரம் என்று ஒப்புக்கொள்வார். நமக்கு மாதம் ஒரு விமானம், அதில் ஒரு தபால் பை. அவ்வளவுதான்.

மாடியில் நான் கட்டிவிட்டு வந்த கம்பிச் சட்டம் எதற்கு என்று விமான நிலையம் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தீர்கள். நான் சொன்னது எதுவும் உங்கள் காதில் ஏறவில்லை என்று தெரியும், அதனால் எழுதுகிறேன். சூரியனிலிருந்து வரும் எலக்ட்ரான்களைப் பூமியின் காந்தப்புலம் பிடித்து வைத்துக்கொள்கிறது. அவை ஒரு துருவத்துக்கும் மறு துருவத்துக்கும் இடையே ஓயாமல் போய்வந்துகொண்டே இருக்கும். எப்போதாவது ஏதோ ஒன்று அவற்றைத் தட்டிவிடும். உடனே கூட்டமாகக் கீழே கொட்டும், எழுபது எண்பது கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் காற்றுக்குள். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அங்கே காற்றின் குணமே மாறிவிடும். ஓசோன் குறையும், ரேடியோ அலை தடுமாறும். வெகுதூரத்தில் ஒரு பெரிய டிரான்ஸ்மிட்டர் அனுப்பும் அலை, எங்கள் நிலையத்தின் தலைக்கு மேலாக உங்கள் மாடிக்கு வருகிறது. வழியில் எலக்ட்ரான் கொட்டினால் அந்த அலை நெளியும். அந்த நெளிவை மாடிச் சட்டம் பிடிக்கும், கீழே காலி அறையில் நான் வைத்த கருவிப் பெட்டி பதிவு செய்யும்.

மாதக் கடைசியில் மெமரி கார்டை மாற்றி, பழையதை உங்கள் கடிதத்தோடு வைத்து அனுப்புங்கள். வேறு வேலை இல்லை. பக்கத்தில் மோட்டார் எதுவும் ஓடக்கூடாது என்று இப்படிக் கருவி வைத்திருக்கும் மற்ற வீட்டுக்காரர்களிடம் சொல்வோம். உங்கள் வீட்டுக்கு அதைச் சொல்லவே தேவையில்லை. தேர்வுப் படிவத்தில் 'மிக அமைதியான வீடு, கருவிக்கு ஏற்றது' என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அக்காவை என் பங்குக்கும் வம்புக்கு இழுக்கவும்.

உங்கள் மச்சினி

*

செப்டம்பர் 29

அன்புள்ள வாலுக்கு,

அத்தான் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். எல்லோரும் என்றால் நான், உன் அக்கா, உன் கருவி. அங்கே குளிர் எப்படி? நீ காதை மூடாமல் திரிகிறவள். மூடு.

எலக்ட்ரான் கொட்டுவதைப் பற்றி நீ எழுதியதை எங்கள் கண்ணாடிக் கடையில் படித்துக் காட்டினேன். முதலாளி மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "அப்ப நாளைக்குக் குடை எடுத்துட்டு வரணுமா?" என்று கேட்டார். அவருக்கு நான் எழுபது கிலோமீட்டரை விளக்கிய நேரத்தில் நாலு லென்ஸ் தீட்டியிருக்கலாம்.

உன் அக்கா நேற்று ஒரு பல் டாக்டரை அழ வைத்துவிட்டாள். அவள் சொல்லிக்கொடுக்கும் டிரைவிங் ஸ்கூலில் புதிதாகச் சேர்ந்தவர், பாவம். "ஊர்ல இருக்கற எல்லாரையும் வாயத் தொறன்னு அதட்டறீங்க, ஒரு கியர மாத்த இவ்ளோ பயமா?" என்று கேட்டிருக்கிறாள். வீட்டிலும் அதே கதைதான். சோபாவில் உட்கார்ந்து டிவியில் கார் பார்த்தால்கூட அவள் வலது கால் தரையை அமுக்குகிறது. முழங்கால் வலிக்காமல் என்ன செய்யும்?

கருவியைத் தினமும் எட்டிப் பார்க்கிறேன். பச்சை விளக்கு ஒழுங்காக எரிகிறது. சமர்த்துப் பிள்ளை, சோறு கேட்பதில்லை. அக்கா மட்டும் அந்த அறைக்குள் போவதில்லை. வாசலிலேயே நின்று, "எரியுதா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவாள்.

கார்டு உள்ளே இருக்கிறது. தொலைத்துவிட்டு என் தலையில் கட்டாதே.

உன் அத்தான்

பி.கு. நான் அக்கா. நல்லா சாப்பிடு. எங்கள் வீடு மிக அமைதியான வீடு என்று எழுதிக் கொடுத்தாயாமே. சரி.

*

அக்டோபர் 17

அன்புள்ள அத்தானுக்கும் அக்காவுக்கும்,

நான் சுகம். காதை மூடிக்கொண்டுதான் இருக்கிறேன். கார்டு பத்திரமாக வந்தது. பதிவு கண்ணாடி மாதிரி சுத்தம். தலைவர் பார்த்துவிட்டு, "இந்த வீட்டுல ஆளுங்க இருக்காங்களா?" என்று கேட்டார். இரண்டு நெளிவுகள் என் கருவியில் தெரிந்த அதே நேரத்தில் உங்கள் பதிவிலும் இருக்கின்றன. அங்கேயும் இங்கேயும் ஒன்றாக! சந்தோஷத்தில் சமையல்காரரைக் கட்டிப்பிடித்துவிட்டேன். அவர் கையில் கரண்டி இருந்தது, என் சட்டைக்குத்தான் நஷ்டம்.

அக்கா, இனி உனக்கு. உன் ஒற்றைச் 'சரி'யை இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். அமைதியான வீடு என்று எழுதும்போது மோட்டாரையும் பம்பையும்தான் நினைத்தேன், வேறு எதையும் நினைக்கவில்லை. அதுதான் தப்பு. நினைத்திருக்க வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த அறைக்கு நீயும் நானும்தான் மஞ்சள் வண்ணம் அடித்தோம். காப்பகத்திலிருந்து குழந்தை வருகிறது என்று ஊரெல்லாம் சொன்னோம். அதன் பாட்டனார் வந்து நாங்களே வளர்க்கிறோம் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போன பிறகு, நீ தனியாக அறையைக் காலி பண்ணினாய். கருவியை எங்கே வைக்கலாம் என்று நான் தயங்கியபோதுகூட, "அங்க வை, சும்மாதான இருக்கு" என்று நீதான் சொன்னாய். உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

உனக்குக் கஷ்டமாக இருந்தால் சொல், வேறு அறைக்கு மாற்றச் சொல்கிறேன். ஒரு கம்பியை நீட்டினால் போதும், பெரிய வேலை இல்லை.

இங்கே சூரியன் விடைபெறும் நேரம். பகல் வருவதற்குள் போய்விடுகிறது.

உங்கள் வாலு

*

நவம்பர் 9

அன்புள்ள வாலு,

நலம். நீ நலமா? எழுதக் கை ஒழியவில்லை. இந்தக் கடிதத்தை மூன்று தடவை உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்து மாறி மாறி இருந்தால் ஆள் மாறிவிட்டான் என்று நினைக்காதே.

கருவி அங்கேயே இருக்கட்டும் என்று அக்கா சொல்கிறாள். இப்போது அந்த அறைக்குள் போகிறாள், வருகிறாள். உன் பெட்டி கொஞ்சம் சூடு கொடுக்கிறது, வீட்டிலேயே கதகதப்பான அறை அதுதான்.

கடையில் என் மானம் போகிறது. நேற்று ஒருவருக்கு வலது கண் லென்ஸை இடது பக்கம் மாட்டிக் கொடுத்துவிட்டேன். அந்த மனிதர் வாசல்படிக்கு ஒரு அடி முன்னாலேயே காலைத் தூக்கி வைத்தார். "ராத்திரியெல்லாம் என்னய்யா பண்ற?" என்று முதலாளி கேட்டார். எலக்ட்ரானைக் காவல் காக்கிறேன் என்றேன்.

அக்கா டிரைவிங் ஸ்கூலுக்கு நீண்ட விடுப்புப் போட்டிருக்கிறாள். முழங்கால் வலிதான். வேறு ஒன்றும் இல்லை. வேறு என்ன இருக்கப் போகிறது.

கார்டு உள்ளே.

அத்தான்

பி.கு. அக்கா எழுதுவது. என் முழங்கால் நன்றாக இருக்கிறது. ஒன்று கேட்க வேண்டும். உன் பெட்டியிலிருந்து கதிர் கிதிர் ஏதாவது வருமா? பக்கத்தில் படுத்தால் உடம்புக்குக் கெடுதலா? சும்மாதான் கேட்கிறேன்.

*

டிசம்பர் 14

அன்புள்ள அத்தானுக்கு,

நலமா? நேற்று வந்த பையில் உங்கள் நவம்பர் 9 கடிதமும் அதன் கார்டும் இருந்தன, அதற்கு அடுத்த உறையில் கார்டு மட்டும், கடிதம் இல்லை. உறையைக் கவிழ்த்து உதறிப் பார்த்தேன். கோபம்தான், ஆனால் இன்றைக்குக் கோபப்பட முடியாது. அவ்வளவு பெரிய விஷயம் நடந்திருக்கிறது.

அத்தான், துடிப்பு! நவம்பர் 9 கடிதத்தோடு வந்த கார்டின் கடைசியில் தொடங்குகிறது. இரண்டாவது கார்டு முழுவதும் அதுதான். மூன்று வினாடிக்கு ஒன்றாக, வரிசையாக, கோலெடுத்துத் தட்டினமாதிரி. எலக்ட்ரான்கள் சில சமயம் மொத்தமாகக் கொட்டாமல் விட்டு விட்டுக் கொட்டும். இவ்வளவு ஒழுங்காக, இத்தனை நாள் தொடர்ந்து, இந்தப் பாதையில் யாரும் பார்த்ததில்லை. தலைவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். வசந்தத்தில் நடக்கும் விஞ்ஞானிகள் கூட்டத்தில் இதை நான் வாசிக்க வேண்டும் என்கிறார். கட்டுரைச் சுருக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். உங்கள் மொட்டை மாடி உலகப் புகழ் பெறப் போகிறது, கொடியில் காயும் துணிகளை எடுத்துவிடுங்கள்.

அக்காவுக்கு: பெட்டியிலிருந்து எதுவும் வராது. அது கேட்க மட்டும்தான் செய்யும். பக்கத்தில் யார் வேண்டுமானாலும் படுக்கலாம். ஆமாம், அங்கே யார் படுக்கிறார்கள்? அத்தானின் குறட்டைக்குப் பயந்து நீயா? முழங்காலுக்கு விடுப்பு என்கிறார் அவர், முழங்கால் நன்றாக இருக்கிறது என்கிறாய் நீ. ஒருத்தர் புளுகுகிறீர்கள்.

சூரியனைப் பார்த்து ஒரு மாதம் ஆகிறது. எனக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை.

உங்கள் வாலு

*

டிசம்பர் 28

அன்புள்ள வாலுக்கு,

சுகம். உன் சந்தோஷத்தைப் படித்து உன் அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. நான் எழுந்து போய் வாசலில் நின்றுகொண்டேன். அது வேறு.

ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன். இந்தத் துடிப்பு வேறு எதிலிருந்தாவது வரலாமா? பிரிட்ஜ்? சுவர்க் கடிகாரம்? எலி? எனக்கு இதில் ஒன்றும் தெரியாது, கண்ணாடிக்காரன். ஆனால் நீ கூட்டத்தில் பெரிய மனிதர்கள் முன்னால் நின்று வாசிப்பதற்கு முன்னால் ஒரு தடவைக்கு நாலு தடவை பார்த்துக்கொள். சுருக்கம் கொடுத்துவிட்டேன் என்கிறாயே, திருப்பி வாங்க முடியாதா?

உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. உன் அக்காவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன், அதனால் சொல்ல முடியாது. ஐயோ, இந்த வரியை எழுதியிருக்கக் கூடாது. அடித்தால் இன்னும் சந்தேகப்படுவாய். கைவசம் வேறு தாளும் இல்லை. நீ படிக்காத மாதிரி இரு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அத்தான்

பி.கு. சுருக்கம் நன்றாக வரட்டும். உனக்கு நல்ல பெயர் கிடைக்கட்டும், குட்டி. — அக்கா

*

ஜனவரி 17

அன்புள்ள அத்தானுக்கும் அக்காவுக்கும்,

இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று எனக்கு இந்த முறை ஒரு நம்பிக்கை. நாளைக் காலை விமானம் கிளம்புகிறது, அதற்குள் எழுதுகிறேன்.

சுருக்கத்தைத் திருப்பி வாங்கிவிட்டேன். பதற வேண்டாம், யாரும் என்னைத் திட்டவில்லை. தலைவர் மட்டும் ஒரு பெருமூச்சு விட்டார். டிசம்பர் முழுக்க எனக்கே உறுத்திக்கொண்டிருந்தது. உங்கள் பதிவில் அப்படித் துடித்த நேரங்களில் என் தலைக்கு மேலே ஒரு சலனமும் இல்லை. என் கருவி காட்டிய கோடு தூங்குகிறது. பிறகு, அந்தத் துடிப்பு எப்போது தொடங்கினாலும் சரியாக அரை மணியில் நிற்கிறது. சில சமயம் உடனே மறுபடி தொடங்குகிறது, யாரோ எழுந்து வந்து தட்டிவிட்டமாதிரி. எலக்ட்ரானுக்கு ஏது அரை மணிக் கணக்கு? எங்கள் தொழிலில் முதல் பாடமே, புதிதாக ஏதாவது தெரிந்தால் முதலில் கருவி இருக்கும் வீட்டைச் சந்தேகப்படு என்பதுதான். எல்லா வீட்டையும் சந்தேகப்பட்டிருப்பேன். உங்கள் வீட்டைப் பட எனக்குத் தோன்றவே இல்லை.

அத்தான், உங்கள் கடிதத்தின் மூலையில் வெள்ளையாக ஒரு கறை. முகர்ந்து பார்த்தேன். பால் பவுடர். நீங்கள் இருவரும் பாலே குடிக்க மாட்டீர்கள்.

நான் எதுவும் கேட்கப் போவதில்லை. அக்கா, நீ எப்போது சொல்ல நினைக்கிறாயோ அப்போது சொல். சொல்லாமலே இருந்தாலும் எனக்கு வருத்தம் இல்லை. ஒன்றே ஒன்று: அந்த அறையில் என்ன ஓடுகிறதோ அது ஓடட்டும். எனக்காக நிறுத்த வேண்டாம். கார்டைப் போட்டதும் முதலில் அந்தத் துடிப்பைத்தான் தேடுகிறேன். எத்தனை மணிக்குத் தொடங்கியது, எத்தனை தடவை விட்டு விட்டு ஓடியது என்று பார்த்து, அந்தந்த ராத்திரி உங்களுக்குத் தூக்கம் இருந்ததா என்று கணக்குப் போடுகிறேன்.

மெக்கானிக்கிடம் கம்பளி நூல் வாங்கியிருக்கிறேன். மஞ்சள். ரொம்பச் சின்னதாக ஒன்று பின்னிக்கொண்டிருக்கிறேன். யாருக்கு என்று கேட்டால் தெரியாது என்கிறேன்.

உங்கள் வாலு

*

ஜனவரி 24

அன்புள்ள வாலு,

நலமா? உன் கடிதம் இன்னும் வரவில்லை, ஆனால் கார்டு இன்றைக்கே தபாலில் சேர்ந்தால்தான் விமானத்தைப் பிடிக்கும் என்றார்கள். இந்த மாதத்துக் கார்டு சுத்தமாக இருக்கும். பழைய மாதிரி. இனிமேல் உனக்கு ஒரு தொந்தரவும் இருக்காது.

வீட்டில் கொஞ்சம் மனசு சரியில்லை. அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. கையெல்லாம் வலி எனக்கு. எல்லாம் சரியாகிவிடும்.

அத்தான்

*

பிப்ரவரி 16

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்குத் தனியாக எழுதுகிறேன். எப்படி இருக்கிறாய் என்று கேட்கக் கை வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன். எப்படி இருக்கிறாய்?

கார்டைப் போட்டுப் பார்த்தேன். ஜனவரி முதல் வாரத்தோடு துடிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. இரவும் பகலும் சுத்தமான கோடு. அத்தானின் கடிதத்தையும் கார்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். கேட்க மாட்டேன் என்று போன மாதம் பெருமையாக எழுதியவள்தான், இப்போது என்னால் முடியவில்லை.

அக்கா, அந்த அறையில் ஒரு குழந்தை இருந்தது. தொட்டில் மோட்டார்தான் என் கருவியில் கேட்டது. எனக்குத் தெரியும். இப்போது என்ன ஆயிற்று? யாராவது வந்து கேட்டார்களா? மறுபடியும் கொண்டுபோய்விட்டார்களா? நீ மறுபடியும் அந்த அறையைத் தனியாகக் காலி பண்ணினாயா?

இத்தனை வருஷம் சுத்தமான கோட்டுக்காகத் தவம் கிடந்தேன். நேற்று அதைப் பார்க்கப் பார்க்க அழுகையாக வந்தது. பக்கத்து அறைக்காரர் கதவைத் தட்டி, கருவி கெட்டுப்போச்சா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

எழுத முடியாவிட்டால் எழுத வேண்டாம். ஒரு வெறும் தாளை மடித்து அனுப்பு, புரிந்துகொள்வேன். பின்னியது பெட்டியில் இருக்கிறது. அதை என்ன செய்வது என்று தெரியவில்லை.

உன் குட்டி

*

மார்ச் 5

அடியே குட்டி,

நான் சுகம், உன் அத்தான் சுகம், அவள் சுகம். முதலில் மூக்கைத் துடை. பிறகு மேலே படி.

அவள் எங்கேயும் போகவில்லை. பக்கத்து அறையில் குப்புற விழுந்து, எழுந்திருக்கத் தெரியாமல் எங்களைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். ஏழு மாதம் முடிந்தது. நவம்பர் தொடக்கத்தில் வந்தாள். காப்பகத்தில் நான்கு மாதம் நம்மிடம் விட்டுப் பார்ப்பார்கள், பிறகுதான் தத்தெடுக்க நீதிமன்ற உத்தரவு. அதுவரை ஒருத்தருக்கும் மூச்சு விடக் கூடாது என்று உன் அத்தானிடம் சத்தியம் வாங்கினேன். உனக்கும் சேர்த்துத்தான். ஏன் என்று உனக்குத் தெரியும். போன தடவை சந்தோஷத்தைச் சொன்ன அத்தனை பேரிடமும் பிறகு நானே போய்த் துக்கத்தையும் சொன்னேன். கடைசியாக உன்னிடம் சொன்னேன். நீ போனில் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாயே, அதை இன்னொரு தடவை கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

தொட்டில் பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தது. ஸ்விட்ச் போட்டால் அரை மணி தானாக ஆடும். உன் பெட்டி சூடாக இருக்கிறதே என்று பக்கத்திலேயே போட்டோம். அவளுக்கு அழுகை வந்தால் அந்தப் பச்சை விளக்கைப் பார்ப்பாள், அடங்கிவிடுவாள். நீ துடிப்பு துடிப்பு என்று எழுதிய கடிதத்தை உன் அத்தான் படித்துக்கொண்டே தொட்டிலைப் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று, டக். மறுபடி ஒன்று, இரண்டு, மூன்று, டக். அவர் முகம் வெளுத்துவிட்டது. "அய்யய்யோ, நம்ம பாப்பாவத்தான் இவ கண்டுபிடிச்சிருக்கா" என்றார்.

உன்னிடம் சொல்லவும் நான் விடவில்லை, உன் வேலை கெடுவதும் அவருக்குப் பொறுக்கவில்லை. மனிதர் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். "மூணு செகண்டுக்கு ஒரு தடவதான, நானே ஆட்டிக்கறேன்" என்று ஜனவரி முழுக்கக் கயிற்றைப் பிடித்து உட்கார்ந்திருந்தார். கைவலி அதனால்தான். உன் சுத்தமான கோடு எப்படி வந்தது என்று இப்போது தெரிகிறதா?

மனசு சரியில்லை என்று அவர் எழுதியது பொய் இல்லை. அந்த வாரம்தான் காப்பகத்திலிருந்து கூப்பிட்டு, குழந்தையின் சித்தப்பா ஒருவர் விசாரிக்கிறார் என்றார்கள். எனக்கு உயிரே போய்விட்டது. நான் அவளுடைய துணிகளை மடித்துப் பைக்குள் வைக்க ஆரம்பித்துவிட்டேன், குட்டி. அப்படியாவது நானாக எடுத்து வைத்தேன் என்று இருக்கட்டும் என்று. அவர் வந்தார். கூடத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அவளைக் கையில் வாங்கவே இல்லை. கொஞ்ச நேரம் பார்த்தார். "எங்க வீட்ல இவள வளக்கற தெம்பு யாருக்கும் இல்லம்மா. நல்லா இருக்காளான்னு பாத்துட்டுப் போகத்தான் வந்தேன்" என்றார். வாசலில் செருப்பு மாட்டும்போது திரும்பி, "தலைய நல்லா மூடி வைங்க, இவங்க அம்மாவுக்கும் சீக்கிரம் சளி பிடிக்கும்" என்றார். நான் உள்ளே போய்ப் பையிலிருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் வைத்தேன். அன்றைக்குத்தான் சாப்பிட்டேன்.

உன் ஜனவரிக் கடிதம் வந்ததும் உன் அத்தான் பிளக்கை மறுபடி சொருகினார். நேற்று உத்தரவு வந்தது. அவள் எங்கள் மகள். இதைச் சொல்ல முதல் ஆளாக உன்னைத்தான் தேடினேன், நீயோ உலகத்தின் நுனியில் உட்கார்ந்திருக்கிறாய்.

பெயர் நீ வந்து வை. இப்போதைக்கு 'மேடம்' என்று கூப்பிடுகிறோம், வீட்டில் அவள் அதிகாரம் அப்படி. மஞ்சளில் பின்னியதை உடனே அனுப்பு, வேகமாக வளர்கிறாள்.

கார்டு உள்ளே. கேட்டுப் பார்.

அக்கா

*

மார்ச் 28

அன்புள்ள அக்கா, அத்தான், மேடம் மூவருக்கும்,

மூவரும் நலமா? இப்படி எழுத எவ்வளவு நன்றாக இருக்கிறது! மறுபடி ஒரு தடவை எழுதுகிறேன். மூவரும் நலமா?

இந்த மாத விமானம் எட்டு நாள் தாமதம். ஏன் தெரியுமா? எலக்ட்ரான் கொட்டியது. சூரியனிலிருந்து ஒரு பெரிய அலை அடித்து, நான் வருஷமெல்லாம் காத்துக்கிடந்தது கூடை கூடையாகத் தலைக்கு மேலே கொட்டிற்று. ரேடியோ செத்துவிட்டது. நிலையத்தோடு பேச முடியாமல் விமானி கிளம்ப மாட்டேன் என்றுவிட்டார். மற்றவர்கள் எனக்குக் கை கொடுத்தார்கள். நானோ ஜன்னலில் நெற்றியை முட்டிக்கொண்டு, போதும், நின்று தொலையுங்கள் என்று கும்பிட்டுக்கொண்டிருந்தேன். உங்கள் தபால் பை அந்தப் பக்கம் கிடந்ததே.

பை வந்ததும் உறையைக் கிழித்து, கடிதத்தைத் தொடாமல் கார்டைத்தான் முதலில் போட்டேன். கடிதத்தைத் தொட பயம். ஜனவரி கடைசி வரை கோடு. பிறகு, அக்கா, ஒரு காலையில் டக். மூன்று வினாடி. டக். மூன்று வினாடி. டக். நான் போட்ட கூச்சலில் சமையல்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டே ஓடி வந்தார், போன தடவை பட்டது போதும் என்று. தலைவர் வந்தார், மெக்கானிக் வந்தார். ஒலிபெருக்கியில் போட்டோம். பதினோரு பேரும் நின்று அரை மணி நேரம் தொட்டில் ஆடுவதைக் கேட்டோம். நின்றதும் மெக்கானிக், "தூங்கிட்டா" என்றார், மெதுவாக, அவள் விழித்துவிடுவாளோ என்கிற மாதிரி. அதற்குப் பிறகுதான் உன் கடிதத்தைப் பிரித்தேன்.

அத்தான், ஒரு மாதம் கயிறு இழுத்தீர்களா? நீங்கள் கெட்டிக்காரர் என்று அக்காவை நம்ப வைத்தது யார்? உங்கள் கையால் வந்த அந்தச் சுத்தமான கோடு என்னைக் கிட்டத்தட்டக் கொன்றுவிட்டது. ஊருக்கு வந்ததும் முதலில் உங்களை ஒரு அடி, பிறகு உங்கள் கைக்கு எண்ணெய் போட்டு உருவி விடுகிறேன்.

இப்போது அலுவல் விஷயம். உங்கள் வீட்டிலிருந்து கருவியை எடுத்துவிட வேண்டும் என்று தலைவர் முடிவு செய்துவிட்டார். அடுத்த மாதம் ஆள் வந்து கழற்றிக்கொண்டு போவார். பச்சை விளக்கை மட்டும் பாட்டரியோடு தனியாகக் கழற்றித் தொட்டில் பக்கத்தில் மாட்டிவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறேன், மேடம் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நீக்கும் வீட்டுக்குக் காரணம் எழுத வேண்டும் என்பது விதி. நான்தான் எழுதினேன். 'கருவிக்கு ஏற்ற வீடு அல்ல. காரணம்: வீட்டில் குழந்தை இருக்கிறது.' தலைவர் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினார். ஒரு நகல் இத்துடன் வைத்திருக்கிறேன். மஞ்சள் சட்டையும் உள்ளே இருக்கிறது, ஒரு கை கொஞ்சம் நீளம், மடித்துவிடு.

நகலைக் கூடத்தில் மாட்டுங்கள், வருகிறவர்கள் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில்.

மே மாதம் வருகிறேன்.

மேடத்தின் சித்தி